"பட்டியுண்டு, சூக்ஷிக்குக": கேரளத் தலைநகரின் வீட்டு நாய்களும் தில்லியின் பழைய சட்டமும்

திருவனந்தபுரம்: நகரின் வடக்கே ஸ்ரீகாரியத்திலோ, கிழக்கே வட்டியூர்க்காவிலோ ஏதேனும் ஒரு குறுக்குச் சாலையில் நடந்தால், சில வீடுகளுக்கு ஒரு முறை வாயிற்கதவில் ஒரு தகரப் பலகை தொங்குவதைக் காணலாம். "பட்டியுண்டு, சூக்ஷிக்குக" என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். தமிழருக்குப் பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். அல்லது ஊர்ப் பெயரின் வால். மலையாளிக்கு அது நாய். இரண்டுமே வேலியோடு தொடர்புடைய சொற்கள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஐந்து முதல் பத்து சென்ட் நிலத்தில் கட்டிய தனி வீடு. முற்றத்தில் ஒரு கிணறு, ஒரு பலா மரம், நான்கு தென்னை. ஆளுயர மதில். பிள்ளைகள் துபாயிலோ தோஹாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வீட்டில் ஓய்வுபெற்ற அரசு ஊழியரும் மனைவியும். மூன்றாவது உறுப்பினர், பின்கட்டுக் கூண்டில் இருக்கும் நாய். பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன லாப்ரடாராக இருக்கும். இல்லையெனில் ஊரார் இன்னமும் "அல்சேஷன்" என்றே அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டாக இருக்கும். அதுவும் இல்லையெனில் வாசலில் வந்து படுத்து, சோறு தின்று, பிறகு வீட்டோடு சேர்ந்துவிட்ட நாட்டு நாயாக இருக்கும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டுக்காரர் வெளியே வருவார். ஒரு கையில் நாயின் வார். மறு கையில் தடி. தடி தம் நாய்க்கு அன்று, தெரு முனையில் காத்திருக்கும் ஐந்தாறு தெரு நாய்களுக்கு. இக்காட்சியை வேடிக்கையாகக் கடந்து செல்வோர் உண்டு. ஆனால் கேரளத்தின் நாய்ப் பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு கைகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தெரு நாய்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம். வீடுகளில் வளர்க்கப்படும் நாய்களோ 8 லட்சத்துக்கும் மேல். ஒரு தெரு நாய்க்கு ஏறத்தாழ மூன்று வீட்டு நாய்கள். சட்டப்பேரவையில் நடக்கும் விவாதமும், தில்லியில் நடக்கும் வழக்கும், தொலைக்காட்சிகளில் நடக்கும் கூச்சலும் அந்த மூன்று லட்சத்தைப் பற்றியவை. எட்டு லட்சத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

மதிலுக்குள் ஒரு நாள்

நாய் வளர்ப்பது இந்நகரில் பருவமழையோடு நடத்தும் போராட்டம். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என ஆண்டுக்கு இரு மழைக்காலம். ஈரம் போகாத தோலில் பூஞ்சை படரும், உண்ணி ஏறும். மழைநீர் தேங்கும் முற்றத்தில் எலி நடமாட்டம் இருந்தால், மனிதருக்கு வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். ஆகவே ஆண்டுதோறும் போடவேண்டியது வெறிநோய்த் தடுப்பூசி மட்டுமன்று. எலிக்காய்ச்சலையும் உள்ளடக்கிய கூட்டுத் தடுப்பூசியும் உண்டு. கால்நடைத் துறையின் மருத்துவமனைகளில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். தனியாரிடம் இது தலைகீழ்.

உணவு எளிது. மட்ட அரிசிச் சோறும், மலிவாகக் கிடைக்கும் நாளில் சாளை மீனும். பொட்டலத் தீனி வாங்குவோர் கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதிகம். பழைய பகுதிகளில் இன்னமும் வீட்டுச் சமையலே நாய்க்கும்.

விஷு வந்தால் வெடிச் சத்தம். நாய் கட்டிலுக்கு அடியில். ஆற்றுகால் பொங்கலை நாளில் நகரத்துச் சாலைகளெங்கும், வீட்டு வாசல்வரை, பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். அன்று நாயைப் பின்கட்டில் கட்டிவைக்காத வீட்டுக்காரர் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஓணத்துக்கு ஊருக்குப் போவதென்றால் நாயை யாரிடம் விடுவது? பிள்ளையின் பிரசவத்துக்காக ஆறு மாதம் வெளிநாடு செல்லும் தாய் தந்தையருக்கு இதுவே முதற்கவலை. பணம் கட்டினால் பார்த்துக்கொள்ளும் காப்பிடங்கள் வந்துவிட்டன. ஆயினும் எல்லோராலும் ஆறு மாதத்துக்குப் பணம் கட்ட இயலாது.

கொரோனா முடக்கக் காலத்தில் ஆசைக்கு நாய்க்குட்டி வாங்கியவர்களுள் சிலர் முடக்கம் தளர்ந்ததும் செய்தது என்ன என்பதை நெடுஞ்சாலை ஓரங்களில் திரிந்த உயர்சாதி நாய்கள் சொல்லின. தெரு நாய் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. அதன் தாயோ பாட்டியோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு மதிலுக்குள் இருந்திருக்கும்.

காகிதத்தில் மட்டும் இருந்த உரிமம்

இந்த எட்டு லட்சம் நாய்களுக்கும் உரிமம் பெறவேண்டும் என்பது புதிய விதி அன்று. கிராமப்புறங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் பன்றி மற்றும் நாய் உரிம விதிகள் உண்டு. நகரங்களில் அந்த அதிகாரம் நகராட்சி, மாநகராட்சிகளிடம் உள்ளது. நடைமுறை கடினமானதும் அன்று. பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் தரும் தடுப்பூசிச் சான்று, விண்ணப்பம், சிறு கட்டணம் ஆகியவையே தேவை. இணையவழி விண்ணப்பமும் வந்துவிட்டது.

எனினும் மிகப் பலர் பெறவில்லை. ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, கழக்கூட்டம், விழிஞ்ஞம் ஆகிய ஐந்து ஊராட்சிகள் 2010-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. ஊராட்சியாக இருந்தபோது நாய்க்கு உரிமம் கேட்டு யாரும் வந்ததில்லை; மாநகராட்சியான பிறகும் வரவில்லை. வரி கேட்க வருகிறார்கள், குடிநீர்க் கட்டணம் கேட்க வருகிறார்கள், நாயைப் பற்றிக் கேட்க எவரும் வருவதில்லை என்றால், குடிமகன் அந்த விதியைப் பற்றி என்ன முடிவுக்கு வருவான்?

அந்த உறக்கத்தைக் கலைக்க ஒரு நாயின் சாவு தேவைப்பட்டது.

அடிமலத்துறையின் புரூனோ

2021 ஜூன் 28. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அடிமலத்துறைக் கடற்கரை. அவ்வூரில் ஒரு குடும்பம் வளர்த்த லாப்ரடார் நாய் புரூனோ. வழக்கம்போல் கடலில் நீந்திவிட்டு வந்து ஒரு படகின் அடியில் படுத்திருந்தது. அதனைப் படகோடு சேர்த்துக் கட்டித் தூக்கி, கட்டையால் அடித்துக் கொன்று, உடலைக் கடலில் எறிந்தார்கள். அக்காட்சி கைபேசியில் படமாகி நாடெங்கும் பரவியது. மூவர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர் வயது வராதவர்.

கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் ஏ.கே. ஜெயசங்கரன் நம்பியார், பி. கோபிநாத் ஆகியோர் அடங்கிய அமர்வு, நாய்க்குச் செலுத்தும் அஞ்சலியாக அவ்வழக்குக்கே புரூனோவின் பெயரைச் சூட்டியது. நீதிமன்ற வரலாற்றில் நாயின் பெயரால் வழங்கும் வழக்குகள் அதிகம் இரா. பெயர் சூட்டியதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. வளர்ப்புப் பிராணி வைத்திருப்போர் அனைவரும் ஆறு மாதத்துக்குள் உள்ளாட்சியில் பதிவு செய்து உரிமம் பெறவேண்டும், புதிதாக வாங்குவோர் மூன்று மாதத்துக்குள் பெறவேண்டும் என்று அறிவிக்கச் செய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. செயலற்றுக் கிடந்த மாநில விலங்குகள் நல வாரியத்தைத் திருத்தியமைக்கவும் சொன்னது.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. அதே கடற்கரையில், சில கிலோமீட்டர் தொலைவில், புல்லுவிளை இருக்கிறது. 2016 ஆகஸ்டில் இரவு நேரத்தில் கடற்கரைக்குச் சென்ற 65 வயது மூதாட்டியைத் தெரு நாய்க் கூட்டம் கடித்துக் கொன்ற ஊர் அது. காப்பாற்றப் போன மகன் நாய்களிடமிருந்து தப்பக் கடலில் குதிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஊரில் மீனவர் ஒருவரும் நாய்களுக்குப் பலியானார். மனிதரை நாய்கள் கொன்ற கரையில் ஐந்தாண்டு கழித்து மனிதர் ஒரு வீட்டு நாயைக் கொன்றனர். புரூனோவின் கொலைக்கு இது நியாயமாகாது. ஆனால் நாயைக் கண்டால் அப்பகுதி மக்களின் மனத்தில் என்ன எழும் என்பதைத் தில்லியில் அமர்ந்து விதி எழுதுவோரும், கொச்சியில் அமர்ந்து தீர்ப்பு எழுதுவோரும் அறிந்திருப்பது நல்லது.

ஐம்பது ரூபாய்க் கொடுமை

புரூனோவைக் கொன்றவர்கள் மீது மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் மட்டும் வழக்குத் தொடர்ந்திருந்தால், முதற்குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை என்ன தெரியுமா? ஐம்பது ரூபாய் அபராதம். குறைந்தபட்சம் பத்து ரூபாய். 1960-இல் நாடாளுமன்றம் நிர்ணயித்த தொகை அது. மூன்றாண்டுக்குள் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால்தான் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை என்ற பேச்சே வரும். பிராணிகளைக் கொல்வதற்குத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு இருந்ததால் தப்பித்தோம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆவது பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

இந்தச் சட்டத்தின் தாய் ஒரு தமிழ்ப் பெண்மணி. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே தனிநபர் மசோதாவாக இதனைக் கொண்டுவந்தார். 1890-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டமே அப்போது நடைமுறையில் இருந்தது. அரசே மசோதா கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அரசின் மசோதா சட்டமாகி வர 1960 ஆயிற்று. 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே, தலைமையகம் சென்னை. 2018-இல் அந்த அலுவலகத்தை ஹரியாணாவின் பல்லப்கருக்கு மாற்றினார்கள். தெற்கிலிருந்த மத்திய அலுவலகங்களில் ஒன்று குறைந்ததைப் பற்றித் தமிழக உறுப்பினர்கள் அவையில் இன்னும் உரத்துக் கேட்டிருக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இச்சட்டம் ஜல்லிக்கட்டால் நன்கு அறிமுகமானது. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த அதே தீர்ப்பில், அபராதத் தொகை பொருளற்றதாகிவிட்டது, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தடை நீங்க 2017-இல் தமிழகம் தன் பங்குக்குத் திருத்தம் கொண்டுவந்தது. அது செல்லும் என 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வும் கூறிவிட்டது. அபராதம் குறித்த பகுதியை மட்டும் எவரும் தொடவில்லை. 2022 நவம்பரில் மத்தியக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கொடூர வதைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, 50 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என அதில் கண்டிருந்தது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. தனிநபர் மசோதாக்களும் அவ்வப்போது வந்து, வெள்ளிக்கிழமை பிற்பகலோடு மறக்கப்படும் கதியையே அடைந்தன.

பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி

நாய்க்கு நீதி பேசும்போது பக்கத்து வீட்டுக்காரரை மறந்துவிடக் கூடாது. 2022 மே மாத இறுதியில் பாலக்காடு மாவட்டத்தில் 19 வயதுக் கல்லூரி மாணவியைக் கடித்தது தெரு நாய் அன்று; பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய். உரிய தவணைகளில் தடுப்பூசி போட்டும் ஒரு மாதத்தில் அப்பெண் வெறிநோயால் இறந்தார். கடித்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த மரணம் நேர்ந்திராது.

வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் மருந்தில்லை. கடி வாய் விரல் நுனியிலோ முகத்திலோ தலையிலோ அமைந்தால், நரம்பின் வழியே கிருமி மூளையை எட்டும் தூரம் குறைவு. தடுப்பூசி உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும் முன்பே அது போய்ச் சேர்ந்துவிடும். 2025 மே 5 அன்று திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் இறந்த கொல்லம் மாவட்டத்து ஏழு வயதுச் சிறுமியும் தடுப்பூசி போட்டவரே. இதனால்தான் கடித்த உடன் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், ஆழமான காயமாயின் காயத்துக்குள்ளேயே எதிர்ப்புப் புரத ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். சந்தேகத்துக்குரிய நாய் இறந்தால் அதன் மூளைத் திசுவைச் சோதிக்கும் அரசு நிலையம், நகரிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் பாலோடு என்னும் ஊரில் உள்ளது.

ஒரு வட்டாரத்து நாய்களில் பத்துக்கு ஏழுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. கேரளத்து வீட்டு நாய்களுக்கு மட்டும் முழுமையாகப் போட்டாலே மொத்த நாய்களில் ஏழு பங்கைத் தாண்டிவிடும். நோய் தெரு நாய்களுக்குள் சுற்றுவதால் கணக்கு அவ்வளவு நேரானதன்று என்பது உண்மை. ஆயினும் பிடித்துக் கட்டத் தேவையில்லாத, முகவரி உள்ள எட்டு லட்சம் நாய்களையே எட்ட முடியாத நிர்வாகம், முகவரியற்ற மூன்று லட்சத்தைத் துரத்தப் போவதாகச் சொல்வதை எப்படி நம்புவது?

மறுபுறம், அச்சத்தின் பெயரால் குடியிருப்போர் சங்கங்கள் சட்டத்தைத் தம் கையில் எடுப்பதும் நடக்கிறது. நாய் வளர்க்கக் கூடாது, மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்று அடுக்குமாடிச் சங்கங்கள் தீர்மானம் போட்டன. அத்தகைய துணைவிதிகள் சட்டவிரோதம், அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியும் தடைபோட இயலாது. பிறருக்குத் தொல்லையின்றி வளர்ப்பது உரிமையாளரின் கடமை என்பதும் அத்தீர்ப்பிலேயே உண்டு. சங்கக் கூட்டங்களில் நாய் வளர்ப்போர் முன்பாதியை மட்டும் படித்துக் காட்டுகிறார்கள். நாயின் அலட்சியப் பராமரிப்பால் பிறருக்கு ஆபத்து விளைந்தால் ஆறு மாதம் வரை சிறை, 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று புதிய தண்டனைச் சட்டத்தின் 291-ஆவது பிரிவு சொல்வதும் அவர்கள் அறியவேண்டிய ஒன்று.

மத்திய அரசு ஒரு முறை குறுக்கு வழியில் முயன்றது. 2024 மார்ச் 12-இல் ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 வகை நாய்களை விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ அனுமதிக்க வேண்டாம் என மாநிலங்களுக்கு ஒரு கடிதம் போயிற்று. சட்டத் திருத்தமில்லை, விதியில்லை, கடிதம் மட்டுமே. பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்காத அக்கடிதம் அடுத்த மாதமே கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்களில் அடிபட்டுப் போனது. அதற்கடுத்த மே மாதத்தில்தான் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரு ராட்வைலர் நாய்கள் குதறின. பெருநகரச் சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, தவறினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என அறிவித்தது. முகாம்களில் கூட்டம் அலைமோதியதால் காலக்கெடுவைத் தள்ளிவைக்க நேர்ந்தது. உரிமம் பெறமாட்டேன் என்று மக்கள் அடம் பிடிப்பதில்லை என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

தடி எதற்கு?

மீண்டும் அந்தத் தடிக்கு வருவோம். திருவனந்தபுரத்தின் குப்பை, 2011 டிசம்பர் வரை விளப்பில்சாலை ஊராட்சியில் இருந்த ஆலைக்குச் சென்றது. அவ்வூர் மக்கள் போராடி அதனை மூடச் செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. பின்னர் வீட்டிலேயே உரமாக்குவது என நகரம் மாறிக்கொள்ளும் வரை, இறைச்சிக் கழிவு சாலையோரம் குவிந்தது. நாய்க் கூட்டம் பெருகியதில் அதற்கும் பங்குண்டு.

கருத்தடைத் திட்டத்தைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களைக் கொண்டு நடத்தியது கேரளம். விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லையென்று 2021-இல் நீதிமன்றம் அதனை நிறுத்திற்று. 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட புதிய கருத்தடை விதிகள் இன்னும் கடுமையானவை. அவற்றைத் தளர்த்துமாறு கேரளம் தில்லியிடம் கேட்டது. 2025 ஜூலையில், தீராத நோயுற்ற தெரு நாய்களைக் கருணைக்கொலை செய்யலாம் என மாநில அரசு எடுத்த முடிவையும் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ள பொருள். பொதுப் பட்டியலில் இருந்தால் இருவரும் பொறுப்பு என்று பொருள். நடைமுறையில் இருவரும் மற்றவரைக் கைகாட்டலாம் என்று ஆகிவிட்டது.

அந்த ஆண்டு ஜூலை கூட்டத்தொடரில் மக்களவைக்கு அளிக்கப்பட்ட பதிலின்படி, 2024-இல் நாடெங்கும் நாய்க்கடிக்கு ஆளானோர் 37 லட்சத்து 17 ஆயிரத்துச் சொச்சம். வெறிநோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவோர் 54. அதே ஆண்டுக்குக் கேரள அரசின் சொந்தக் கணக்கில் மட்டும் 26 மரணங்கள். நாட்டு மக்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத மாநிலத்தில் நாட்டின் வெறிநோய்ச் சாவில் ஏறத்தாழ பாதி என்றால் யார் நம்புவார்? உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு மதிப்பிடும் எண்ணிக்கை ஆண்டுக்கு 18 ஆயிரம் முதல் 20 ஆயிரம். கேரளம் எண்ணுகிறது, பிற மாநிலங்கள் பல எண்ணுவதில்லை. அவையில் துணைக் கேள்வியாக எழுந்திருக்க வேண்டியது இதுவே.

உச்ச நீதிமன்றத்தின் போக்கும் மூன்று மாதத்தில் மூன்று விதமானது. 2025 ஆகஸ்ட் 11-இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, தில்லியின் தெரு நாய்களை எட்டு வாரத்தில் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு அதனை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும், நோயுற்றவையும் மூர்க்கமானவையும் விலக்கு என்றது. வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து மற்றும் ரயில் நிலைய வளாகங்களிலிருந்து பிடிப்பவற்றைத் திரும்ப விடவேண்டாம் என்றது. இடையில் ஆகஸ்ட் இறுதியில் ஒரு கருத்தரங்குக்காகத் திருவனந்தபுரம் வந்திருந்த நீதிபதி விக்ரம் நாத், தம்மை உலகறியச் செய்ததற்காகத் தெரு நாய்களுக்கு நன்றி சொல்லி அரங்கைச் சிரிக்கவைத்தார். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தனர். புல்லுவிளை அங்கிருந்து தொலைவில் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மாநகராட்சித் தேர்தலில், நெடுங்காலம் இடதுசாரிகள் வசமிருந்த திருவனந்தபுரத்தில் 101 வார்டுகளில் 50-ஐ வென்று பாரதிய ஜனதா முதன்முறையாக மேயர் பதவியைப் பிடித்தது. கட்சி மாறினாலும் பேட்டையிலுள்ள கருத்தடை மையத்தின் வேலை மாறவில்லை. நாய் உரிமப் பதிவேடும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 22 உத்தரவில் இந்த வீட்டுக்காரரை நேராகத் தொடும் பகுதி ஒன்று உண்டு. தெருவில் நாய்க்கு உணவிடலாகாது. அதற்கென ஒவ்வொரு வார்டிலும் தனி இடம் குறிக்கப்பட வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தம் நாய் தின்றது போக மிஞ்சிய சோற்றை, மதிலோரம் வாழை இலையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது இந்நகரத்துப் பல வீடுகளின் பழைய வழக்கம். காலையில் அவர் தடியோடு விரட்டும் அதே நாய்கள்தான் இரவில் வந்து அதைத் தின்னும். இனி அந்தச் சோற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை அவருடைய வார்டு உறுப்பினர் சொல்லவேண்டும்.